பதினான்காம் பக்கம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்குத் தேவகுமாரி அச்சுத்தாள் கட்டுகளை எண்ணினாள். ஏழு இருந்தன. எட்டு இருக்க வேண்டும்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். மிளகு மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். அப்போதும் ஏழுதான்.

ஏற்காட்டு மலைக் கிராமமான வெள்ளக்கடையில் இரண்டு ஏக்கரில் ஆரஞ்சும் காப்பியும் போட்டிருக்கும் சின்னனின் ஒரே மகள் அவள். இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அப்படிப்பட்டவள்தான் போன ஆடியில் பத்திரிகை தொடங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். பேய்க்கதை, துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை. இவை மட்டுமே வரும் முப்பத்திரண்டு பக்க இதழ். பெயர் 'இருபதாம் வளைவு'. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவு அது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை என்று கார்த்திகையில் கடிதம் வந்தது. சின்னன் அதிகம் பேசவில்லை.

"பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கெழமைக்குள்ள முன்னூறு புஸ்தகத்தை என்ற கண்ணுல காட்டு. காட்டிட்டா இங்கயே இரு. இல்லாட்டித் தை மூணாந் தேதி ஓசூர் பஸ்ஸு."

அவள் தலையாட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாளைதான். ஏற்காடு நூலகத்தில் காலை பத்து மணிக்கு வெளியீடு.

சேலத்து அச்சகத்தில் முதலாளியும் தாள் மடிக்கிறவரும் சேர்ந்தே சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். அச்சடித்த தாள்களைக் கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அச்சகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எட்டுத் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்தால் ஒரு புத்தகம். தாளுக்கு நாலு பக்கம், தாளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு முன்னூறு.

காணாமல் போனது ஏழாவது கட்டு.

அம்மா மாதம்மாள் காப்பித் தம்ளரோடு வந்தாள்.

"ஏம்மா, இங்க எட்டுக் கட்டு இருந்துச்சே?"

"இருந்துச்சு. நேத்து நீ லைப்ரரிக்குப் போனப்பறம் பனி ஊட்டுக்குள்ளயே எறங்கிருச்சு. தாளு நமுத்துப் போயிருமேன்னு எல்லாத்தையும் பிரிச்சு அடுப்போரமாப் பரத்துனேன். அப்பத்தான் பார்த்தேன் கண்ணு, ஒரு கட்டுப் பூராவும் கெட்டுக் கெடக்குது."

"கெட்டுன்னா?"

"ஒரு பக்கம் முழுக்க மை அப்பிக் கன்னங்கரேல்னு. அச்சுக்காரன் ஏமாத்திப்புட்டான். அத்தனையும் பொறுக்கி எடுத்துட்டேன்."

இருபத்திரண்டு வருடமாக மாதம்மாள் எஸ்டேட் கொடவுனில் காப்பிக் கொட்டை பொறுக்குகிறாள். கறுத்த கொட்டை ஒன்று தப்பினால் மூட்டையையே தள்ளிவிடுவார்கள். அவள் விரல் பட்ட மூட்டை இதுவரை திரும்பி வந்ததில்லை.

"எடுத்து?"

"உங்கப்பா ஆரஞ்சுப் பெட்டிக்குத் தாளு கேட்டாரு."

தேவகுமாரி தம்ளரைக் கீழே வைத்தாள்.

முப்பது பெட்டி. பெட்டிக்குப் பத்துத் தாள், அடுக்குக்கு அடுக்கு. நாலு மணிக்கே பக்கத்துத் தோட்டத்து வண்டியில் சரக்கும் சின்னனும் சேலம் மண்டிக்குக் கிளம்பியாகிவிட்டது. சின்னனின் போன் அலமாரி மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"அது கெட்டுப் போகலம்மா. பதினாலாம் பக்கம் கறுப்பாத்தான் இருக்கணும்."

"கறுப்பா எதுக்கு?"

"கதையில அந்த எடத்துல வெளக்கு அணைஞ்சு போகுது. படிக்கிறவங்களுக்கும் இருட்டா இருக்கட்டும்னு முழுப் பக்கத்தையும் கறுப்பா விட்டு, நடுவுல ஒரே ஒரு வரி வெள்ளையில போட்டிருக்கு."

மாதம்மாள் மகளையே பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இதை நீ சொல்லவே இல்லியே சாமி."

சொல்லவில்லை. கட்டுகள் வந்த அன்று, "அது இருக்கட்டும், தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா கேட்கவும் செய்தாள். பேய்க்கதை என்று அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

யாரைக் குறை சொல்வது?

ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மணிக்குப் போன் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் பேசினான்.

"அவ்வளவு பெரிய தாளு நம்மகிட்ட ஓடாதுங்க. சேலத்துலதான். அதுவும் முழுக் கறுப்பா? இருபது காப்பி போடறதுக்குள்ள மிஷினுப் பொடி தீந்துரும். ஒருத்தனும் போட மாட்டான்."

தேவகுமாரி சால்வையை எடுத்துப் போர்த்தினாள். மாதம்மாளும் அடுப்பை அணைத்தாள்.

"நீங்க எதுக்கும்மா? முட்டி வலின்னு சொன்னீங்க."

"கெடுத்தது நானு. பொறுக்கறதும் நானே பொறுக்கறேன். நட."

*

குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கும் முதல் பஸ்ஸில் கண்டக்டர் கோவிந்தராஜ்தான். தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

இதழின் துப்பறியும் கதை அவர் எழுதியது. எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர் கொலை. ஐம்பத்து மூன்று வயதில் அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சில் வருகிறது. கொலையாளி பிடிபடுவது இருபதாம் பக்கத்தில். நடுவில் மடிக்கிற தாள் என்பதால் இருபதாம் பக்கமும் அதே ஏழாவது கட்டில்.

"வாங்க எடிட்டரம்மா! வாங்கக்கா!" அவர் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "நாளைக்கு பத்து மணிதானுங்களே? லீவு சொல்லிட்டனுங்க. என்ற சம்சாரம் பட்டுச் சீலையை எடுத்து வெச்சிருச்சு."

"கொன்னது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு அம்மணி," என்றார் முன் சீட்டுப் பெரியவர். "மூணு மாசமா டிக்கெட் குடுக்கறப்பல்லாம் இதே ரோதனை."

"சொன்னா புஸ்தகம் வாங்க மாட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். தேவகுமாரி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனியில் சில்வர் ஓக் மரங்களின் அடி மட்டும் தெரிந்தது. சொல்லாமலே சேலம் வரை போய்விடலாம். போன தடவை சொல்லாமல் விட்டதன் பலன் ஆரஞ்சுப் பெட்டிக்குள் கிடக்கிறது.

"அண்ணா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை. கோவிந்தராஜ் டிக்கெட் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் முகத்திலிருந்த பட்டுச்சேலைக் களை போய்விட்டது.

"அப்பக் கொன்னவன் ஆரஞ்சுப் பெட்டிக்குள்ள போயிட்டானுங்களா?"

"ஆமாங்க."

"தப்பு எம்மேலதானுங்க," என்றாள் மாதம்மாள், சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

கோவிந்தராஜ் டிக்கெட் மிஷினைத் தோளில் மாட்டினார். அப்புறம் முன்னால் போய் டிரைவரிடம் குனிந்தார்.

"ஏனுங்க, இன்னிக்குக் குப்பனூர்ல டீக்கு நிறுத்த வேண்டாமுங்க. ஒரு கொலகாரனைப் புடிக்கோணும்."

*

மண்டியில் ஏலம் முடிந்திருந்தது.

மண்டிக்காரர் ராமசாமியின் கடை முன்னால் சின்னன் தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தார். மனைவியையும் மகளையும் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினார்.

"ஊட்டுல ஆராச்சும்..."

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் மாதம்மாள். "நேத்து நான் குடுத்த தாளு எங்க?"

"தாளா? பெட்டியோட போச்சு. பாதிப் பெட்டி இங்கயே கொட்டுனாங்க. மீதி ஆத்தூருக்கும் நாமக்கல்லுக்கும் ஏத்தறாங்க. எதுக்கு?"

தேவகுமாரி சுற்றிப் பார்த்தாள். கூடைக்காரர்கள், சுமைக்காரர்கள், கை வண்டிகள். தரையெங்கும் காகிதமும் வைக்கோலும் மிதிபட்டுக் கிடந்தன. நாற்பது கடை இருக்கும். ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டால் மத்தியானம் ஆகிவிடும். லாரிகள் அதுவரை நிற்காது.

மண்டியின் மறு கோடியில் ஒரு லாரியின் பின் கதவைச் சாத்தினார்கள்.

அவள் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். கல்லூரியில் வருகைப் பதிவுக்குக்கூட அவள் குரல் முதல் பெஞ்சைத் தாண்டியதில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!"

யாரும் திரும்பவில்லை.

"கேளுங்கன்னு சொல்றேனில்ல!"

மண்டி திரும்பிப் பார்த்தது.

"வெள்ளக்கடை ஆரஞ்சுப் பெட்டிக்குள்ள கறுப்புப் பக்கம் போட்ட தாள் இருக்கு. அது என்னோடது. நாளைக்கு அது எனக்கு வேணும். பழம் நசுங்காம தாளை மட்டும் எடுத்துக்கறேன். தயவுசெஞ்சு குடுங்க!"

"என்ன தாளு அம்மணி, ஜாதகமா?" என்றது ஒரு குரல்.

"கதைங்க."

"கதையா! அதுக்கா இம்புட்டு சத்தம்?"

சிரிப்பு எழுந்தது. காது வரை சூடு ஏறியது. அவள் இறங்கவில்லை.

"ஆமாங்க. அதுக்குத்தான்."

வாசலோரம் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் கையைத் தூக்கினாள். தனலட்சுமி என்று பிறகு பெயர் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில் நின்றது. கையில் ஏழாவது கட்டின் தாள்.

"இதானே? கொஞ்சம் பொறு பாப்பா, ரெண்டு வரி பாக்கி இருக்குது." படித்து முடித்துத் தாளை மடித்துக் கொடுத்தாள். "அந்த டைப்பிஸ்டுதான் கொன்னான், சரி. எதுக்குக் கொன்னான்?"

"அது பதினேழாம் பக்கத்துல இருக்குங்க."

"அப்ப எனக்குப் பதினேழாம் பக்கம் வேணும். சும்மா கேக்கல, முழுப் புஸ்தகமா குடு. இந்தாங்கடி, அந்தக் கறுத்த தாளு வெச்சிருக்கறவளுங்க எல்லாம் எடுத்துக் குடுங்க!"

அதன் பிறகு தாள்கள் வரத் தொடங்கின. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். சின்னன் ஒரு வார்த்தை பேசாமல் லாரியில் ஏறி, பெட்டி பெட்டியாக மேல் அடுக்குப் பழத்தை எடுத்து, தாளை உருவி, வைக்கோலைப் போட்டுப் பழத்தைத் திரும்ப அடுக்கினார். ராமசாமி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இது உங்க புள்ளைதானுங்களா? நொம்ப அமைதின்னு சொன்னீங்க?"

"நானும் அப்படித்தானுங்க நெனச்சிட்டிருந்தேன்."

மாதம்மாள் குப்பைக் குவியலின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். செய்தித்தாள், சிமெண்டுப் பை, வாழைச்சருகு எல்லாம் கலந்த குவியல். அவள் கை தயங்கவே இல்லை. வலது கை எடுக்கும், இடது கை தள்ளும். நேற்று தள்ளிய அதே கண் இன்று எடுத்தது. பக்கத்தில் உதவ வந்த இரண்டு பேர் பத்துத் தாள் எடுப்பதற்குள் அவள் நாற்பது எடுத்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு எண்ணினார்கள். இருநூற்று முப்பத்தேழு.

மாதம்மாள் அதிலும் பொறுக்கினாள். சாறு இறங்கியது ஒரு பக்கம், கிழிந்தது ஒரு பக்கம்.

"இது பரவால்லம்மா, லேசாத்தான் கறை."

"ஆகாது. நாளைக்கு ஒருத்தர் கையில குடுக்கறது. நல்லதைத்தான் குடுக்கோணும்."

மிஞ்சியது இருநூற்றுப் பதினொன்று.

சின்னன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "முன்னூறுன்னு பேச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பேச்சு மாற மாட்டார் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"முன்னூறு காட்டறேன்ப்பா," என்றாள் தேவகுமாரி.

எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

*

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிய மிஷின் இருந்தது. கடைக்காரர் பதினான்காம் பக்கத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எண்பத்தொன்பதா? மன்னிச்சுக்கங்க. இந்தக் கறுப்பை ஓட்டினா மிஷின் படுத்துரும். மத்த மூணு பக்கம்னா எத்தனை வேணும்னாலும் போட்டுத் தர்றேன்."

மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மாதம்மாள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து, மடியில் ஒரு தாளை விரித்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. மெதுவாகத்தான் வரும்.

பதின்மூன்றாம் பக்கம். கொடவுனில் கடைசி ஆளாகக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண். எல்லோரும் போய்விட்டார்கள். எதிரே காலியாக இருக்கும் முறத்தில் யாரோ பொறுக்கும் சத்தம் கேட்கிறது. எழுதியவர் பெயர் 'சாரல்' என்று போட்டிருந்தது.

தேவகுமாரிக்குத் தாளைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

"இந்தப் பொம்பளைக்கு வலது கைக் கட்டை விரல்ல நகம் இல்லைன்னு எழுதியிருக்குது," என்றாள் மாதம்மாள்.

தேவகுமாரி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதம்மாள் தன் வலது கையைத் தாளின் மேல் வைத்தாள். கட்டை விரலில் நகம் இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மிஷினில் போனது.

"நான் பாட்டை முணுமுணுக்கறதுகூட இருக்குது. எப்ப பார்த்தே?"

"சின்னப் புள்ளையில... கொடவுனுக்கு வருவேனில்லம்மா. மூட்டை மேல உக்காந்து பார்ப்பேன்."

"தூங்கிட்டிருக்கறேன்னு நெனச்சேன்." மாதம்மாள் மறுபடி குனிந்து படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். கறுப்பில் ஒற்றை வெள்ளை வரி: 'எதிரே யாரோ மூச்சு விடுகிறார்கள்.' சட்டென்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு தப்பா எழுதியிருக்கே கண்ணு."

"என்னம்மா?"

"வெளக்கு அணைஞ்சா இருட்டுன்னு எழுதிட்டே. நம்ம கொடவுனு பெரிய கதவு எப்பவும் தெறந்துதான கெடக்கும். தை மாசம் பொழுது சாயறப்ப பனி உள்ள வந்துரும். மொறம் தெரியாது, எதிர்ல உக்காந்திருக்கறவ தெரிய மாட்டா, என்ற கையே எனக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளையாத்தான் போகும். இருட்டுலகூட ஒரு மாதிரி இருந்துக்கலாம். அந்த வெள்ளையிலதான் நான் எந்திரிச்சு ஓடியாந்திருக்கறேன்."

தேவகுமாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

எழுந்து கடைக்குள் போனாள். ஒரு வெள்ளைத் தாளும் பசையும் கேட்டாள். பதினான்காம் பக்கத்தின் அளவுக்கு வெட்டி, கறுப்பின் மேல் ஒட்டினாள். பேனாவைத் திறந்து, நட்ட நடுவில், தன் கையெழுத்தில் அந்த ஒரே வரியை எழுதினாள். முன்பக்கம் பதின்மூன்றில் 'விளக்கு அணைந்தது' என்ற வரியின் மேல் ஒரு துண்டை ஒட்டி, 'பனி உள்ளே வந்தது' என்று எழுதினாள்.

கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இது ஓடுமுங்களா?"

அவர் பார்த்தார். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி. படித்தார். இன்னொரு தரம் படித்துவிட்டுத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"ஓடும். எண்பத்தொன்பதுதானே?"

*

பிற்பகல் மூன்று மணிக்கு வெள்ளக்கடையில் வெயில் இருந்தது. காப்பி காயப்போடும் களத்தைப் பெருக்கி, தார்ப்பாய் விரித்து, எட்டுக் கட்டுகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். தேவகுமாரி எட்டையும் அடுக்கினாள், மாதம்மாள் மடித்தாள். பின் அடிக்கும் மிஷினைச் சின்னன் எப்போது கையில் எடுத்தார் என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கடைசிப் புத்தகத்திலும் பின் அடித்து முடித்ததும் அவர் எல்லாவற்றையும் பத்துப் பத்தாக அடுக்கினார். இந்தக் கோடியிலிருந்து ஒரு தரம், அந்தக் கோடியிலிருந்து ஒரு தரம் எண்ணினார்.

"முன்னூறு," என்றார்.

ஒரு கறுப்புப் பிரதியையும் ஒரு வெள்ளைப் பிரதியையும் எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளையைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"ஓசூர்க்காரனுக்கு நாளைக்கே எழுதிப் போட்டுரு. காத்துக்கிட்டிருக்கப் போறான்."

தேவகுமாரி தலையை ஆட்டினாள். ஆட்டினால் போதாது என்று தோன்றியது.

"எழுதிடறேன்ப்பா," என்றாள், களத்துக்கு அப்பால் கேட்கும்படியாக.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

"இருபதாம் பக்கத்து அடியில இந்த நம்பர் போட்டிருக்குதுங்க," என்றது வயதான ஆண் குரல். "ஆத்தூர்ல ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கினேன். உள்ள இருந்துச்சு."

லாரியில் தப்பிப்போன தாள். தேவகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. தனலட்சுமி ஞாபகம்.

"முன்னாடிப் பக்கம் வேணுங்களா? அனுப்பி வைக்கறேன்."

"வேண்டாமுங்க. முன்னாடி நடந்தது எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "எழுதுனது கோவிந்தராஜ்னு போட்டிருக்குது. ஆருங்க அவரு?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"டைப்பிஸ்ட் பேரை மட்டும் மாத்திப் போட்டிருக்காரு. மத்ததெல்லாம் அந்தப் பங்களாவுல நடந்தபடியே இருக்குது. நான் அவரைப் பார்க்கோணும்."

களத்தில் அம்மா புத்தகங்களின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. போனை வைத்துவிடலாம். கண்டக்டரைக் கேட்காமல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையை அச்சில் ஏற்றியவள் அவள்.

"நாளைக்குக் காலையில பத்து மணி," என்றாள் தேவகுமாரி. "ஏற்காடு நூலகம். நானும் இருப்பேன். வாங்க."